பதின்மூன்றாம் பிரேம்: ஒரு நூற்பாலையின் இழை அறுதல் கணக்கு

பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போகிற வழியெல்லாம் நூற்பாலைகள். கோயம்புத்தூரில் 1888-ல் முதல் ஆலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்த பிறகு தொழில் பெருகி, கொங்கு நாடு முழுக்க நூல் சுற்றும் கதிர்கள் சுழல ஆரம்பித்தன. இந்த ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும்போது நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வைத்தான் இங்கே எழுதுகிறேன். இது எந்த ஒரு ஆலையின் பதிவேடும் இல்லை. இந்தப் பக்கத்து மில்களில் வழக்கமாக நடப்பதை ஒன்றாகச் சேர்த்து, கையாலேயே கணக்குப் போடும்படி எண்களை நானே அமைத்திருக்கிறேன். அந்த எண்கள் மேல் செய்யும் கணக்கு எந்த ஆலைக்கும் பொருந்தும்.

ஒரு எண் ஏறிவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு முன்னால், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே அந்த எண் எவ்வளவு ஏறி இறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நிகழ்தகவுப் பரவல்களைப் படிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பலகையில் ஏறிய பெயர்கள்

ஆலையில் 20 ரிங் பிரேம்கள், அதாவது பஞ்சு இழையை முறுக்கி நூலாக்கும் எந்திரங்கள். ஒவ்வொன்றிலும் 1000 கதிர்கள். ஓடுவது 40-ஆம் நம்பர் பருத்தி நூல். ரிங் பிரேமில் இழை அவ்வப்போது அறும். பிரேம்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளியான சைடர் நடந்து வந்து அதைப் பார்த்து, இழையை எடுத்து ஒட்டி மறுபடி ஓட விட வேண்டும். ஒட்டும் வரை வருகிற பஞ்சை நியூமாஃபில் குழாய் உறிஞ்சிக் கழிவுப் பெட்டிக்குக் கொண்டுபோகும். அறுதல் கூடினால் கழிவு கூடும், உற்பத்தி குறையும், நூலில் ஒட்டுகள் பெருகும். ஆகவே எல்லா ஆலையும் இதை அளக்கிறது. 100 கதிர்-மணிக்கு எத்தனை அறுதல் என்பது வழக்கமான அலகு. 1000 கதிர்களை 12 நிமிடம் பார்த்தால் 200 கதிர்-மணி ஆகும்.

ஒரு நாள் காலை சூப்பர்வைசர் பிரேமுக்கு 12 நிமிடம் வீதம் நின்று எண்ணினார். முதல் பிரேமிலிருந்து இருபதாவது வரை கிடைத்தவை இவை:

4, 2, 5, 3, 9, 4, 6, 1, 3, 4, 5, 2, 7, 4, 3, 0, 5, 6, 3, 4

ஐந்தாம் பிரேமில் ஒன்பது, பதினாறாம் பிரேமில் ஒன்றுகூட இல்லை. கேன்டீன் சுவரில் ஒரு பலகை மாட்டப்பட்டது. பதினாறாம் பிரேமைப் பார்க்கும் பெண்ணின் பெயர் மேலே, ஐந்தாம் பிரேமின் பெண் கடைசியில். கடைசிப் பெயர்க்காரிக்குத் தாராபுரம் பக்கத்துக் கிராமம், வேலைக்கு வேனில் வந்துபோகிறவர்.

“ஏனம்மிணி, பக்கத்துப் பிரேமுல நாலுதான் அறுந்திருக்குது. உன்றதுல மட்டும் ஒம்போது. ஒழுங்காப் பாக்கறதில்லையா?”

“நானென்னங்க சார் பண்ணட்டும்? அறுந்தா வரிசையா அறுக்குதுங்க. அப்புறம் ரொம்ப நேரத்துக்குச் சும்மாவே ஓடுதுங்க.”

அவர் சொன்ன பதிலுக்குப் பின்னால் வருகிறேன். அதில் ஒரு முழுப் பரவலே இருக்கிறது.

சராசரிக்கு அடுத்த எண்

மொத்தம் 80 அறுதல், 20 பிரேம், சராசரி 4. இங்கேதான் பெரும்பாலான அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. அடுத்த படியும் சின்னதுதான். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 4-ஐக் கழித்து, வர்க்கம் எடுத்துக் கூட்டுங்கள். 82 வரும். அதை 19-ஆல் வகுத்தால் 4.3. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. (இருபதால் வகுக்காமல் 19-ஆல் வகுப்பது, சராசரியையும் இதே எண்களிலிருந்து எடுத்துவிட்டதால்.) அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.1. இது திட்ட விலக்கம்.

சராசரி 4, விலக்க வர்க்கச் சராசரி 4.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனியுங்கள். பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் நான் சற்று நேரம் நிறுத்திவிடுவேன். அறுவதற்கு வாய்ப்புள்ள இடம் நிறைய, ஒவ்வொரு இடத்திலும் அறும் வாய்ப்பு மிகக் குறைவு, ஒரு அறுதலுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இல்லை என்றால், எண்ணிக்கை பாய்சான் பரவலில் விழும். அந்தப் பரவலில் சராசரியும் விலக்க வர்க்கச் சராசரியும் சமம். பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 1837-ல் இதை எழுதினார். ஆனால் இது உலகத்தில் நிஜமாகவே நடக்கிறது என்று எண்களோடு காட்டியவர் போர்ட்கிவிச். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை அவர் 1898-ல் வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு, ஆக 200 பதிவுகள், 122 சாவுகள். யாரும் சாகாதவை 109, ஒருவர் இறந்தவை 65, இருவர் 22, மூவர் 3, நால்வர் 1. சராசரி 0.61. பாய்சான் கணக்கு எதிர்பார்ப்பது 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. நால்வர் இறந்த அந்த ஆண்டில் அந்தப் படைப்பிரிவின் தளபதியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் குதிரைகள் அந்த ஆண்டு மட்டும் கெட்டுப்போய்விட்டன என்பதற்கு அந்த எண்ணில் சாட்சி இல்லை.

நம் ஆலைக்கு வருவோம். சராசரி 4 உள்ள பாய்சான் பரவலில், இருபது பிரேமும் ஒரே மாதிரி ஓடினாலும் கிடைக்கக்கூடியது இது: அறுதலே இல்லாதது 0.4 பிரேம், ஒன்று 1.5, இரண்டு 2.9, மூன்று 3.9, நான்கு 3.9, ஐந்து 3.1, ஆறு 2.1, ஏழு 1.2, எட்டு 0.6, ஒன்பதும் மேலும் 0.4. கிடைத்ததோ முறையே 1, 1, 2, 4, 5, 3, 2, 1, 0, 1. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமானால், அந்த 82-ஐ சராசரி 4-ஆல் வகுத்தால் 20.5. எல்லாப் பிரேமும் ஒன்றேபோல இருந்தால் இந்த எண் 19-ஐ ஒட்டி, ஆறு கூடக் குறைய வரும். ஒன்றும் அசாதாரணம் இல்லை.

“சரி, ஆனாலும் ஒன்பது வருவதற்கு வாய்ப்பு 100-க்கு 2 தானே? அந்தப் பிரேமில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?” என்று ஸ்பின்னிங் மாஸ்டர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு குறிப்பிட்ட பிரேமை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, அதில் ஒன்பதோ அதற்கு மேலோ வருமா என்று கேட்டால் வாய்ப்பு 2.1 விழுக்காடு. ஆனால் நாம் முன்கூட்டித் தேர்ந்தெடுக்கவில்லை. இருபதையும் எண்ணி முடித்துவிட்டு, இருப்பதில் பெரியதை விரல் நீட்டிக் காட்டினோம். இருபதில் ஏதாவது ஒன்றில் ஒன்பதோ மேலோ வரும் வாய்ப்பு 35 விழுக்காடு. மூன்று நாள் இப்படி எண்ணினால் ஒரு நாள் யாராவது ஒருவர் ஒன்பதில் மாட்டுவார். எட்டு என்று வைத்தால் 65 விழுக்காடு. பூஜ்யம் வாங்கி மெச்சப்படுவதற்கும் இதே கதைதான், 31 விழுக்காடு. பலகை மாட்டினால் அதற்குக் கடைசிப் பெயர் ஒன்று எப்படியும் கிடைக்கும்.

திட்டினால் திருந்துகிறார்களா?

அடுத்த வாரம் மறுபடி எண்ணினார்கள். ஐந்தாம் பிரேமில் 4. பதினாறாம் பிரேமில் 5. சூப்பர்வைசருக்கு இதில் ஒரு பாடம் கிடைத்துவிட்டது: திட்டினவள் திருந்தினாள், பாராட்டினவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இதுதான். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். எண்களும் அவர் பக்கம் நிற்பதுபோலத் தெரிகிறது. ஆனால் ஒரு அளவு பெரும்பாலும் தற்செயலால் ஆடுகிறது என்றால், மிக உயரத்தில் இருந்தது அடுத்த முறை இறங்கும், தாழ்ந்தது ஏறும். திட்டினாலும் அப்படித்தான், திட்டாவிட்டாலும் அப்படித்தான். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதை கால்டன் 1886-ல் எழுதினார். சராசரியை நோக்கிய அந்தத் திரும்பல் ஆலைக்குள்ளும் நடக்கிறது. திட்டுகிறவருக்கு ஒவ்வொரு வாரமும் வெற்றி கிடைத்துக்கொண்டே இருக்கும், பாராட்டுகிறவருக்கு ஒவ்வொரு வாரமும் ஏமாற்றம் கிடைத்துக்கொண்டே இருக்கும். சில வருடத்தில் ஒரு நல்ல மேற்பார்வையாளர் கடுகடுப்பான ஆளாக மாறிவிடுவார். அதற்கு அவர் குணம் காரணம் இல்லை. கணக்கு தெரியாததுதான் காரணம்.

இப்போது அந்தப் பெண் சொன்ன பதில். “அறுந்தா வரிசையா அறுக்குதுங்க, அப்புறம் சும்மாவே ஓடுதுங்க.” 12 நிமிடத்துக்கு நான்கு என்றால் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு அறுதல். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்ததுபோல வரும் என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. அறுதல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால் இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலில் விழும். அந்தப் பரவலில் குட்டி இடைவெளிகள்தான் அதிகம். ஒரு நிமிடத்துக்குள் அடுத்தது அறும் வாய்ப்பு 28 விழுக்காடு. ஒன்பது நிமிடத்துக்கு மேல் அறுதலே இல்லாமல் ஓடும் வாய்ப்பு 5 விழுக்காடு. மணிக்கு இருபது அறுதல் என்றால், ஐந்தாறு அறுதல்கள் முந்தையதை ஒட்டியே வரும், ஒருமுறை ஒன்பது நிமிட அமைதி வரும். அவர் சாக்குச் சொல்லவில்லை. தன் பிரேமின் பரவலைத் துல்லியமாக விவரித்திருக்கிறார். பதிவேடு வைத்திருந்தவர்களைவிட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எந்த எண்ணுக்கு எந்தப் பரவல்

ஸ்பின்னிங் மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார்: சராசரியிலிருந்து 10 விழுக்காடு விலகினால் விசாரணை. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடினால், நூல் நம்பர் சோதிக்கிற ஆய்வகத்தில் போய் நிற்கும். அங்கே ராட்டையில் 120 கஜம் சுற்றி எடை போட்டு நம்பர் கண்டுபிடிக்கிறார்கள். 40-ஆம் நம்பர் என்றால் 840 கஜச் சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு. நம்பர் என்பது அளந்து பெறும் எண். பஞ்சின் தடிமன், ரோவிங்கின் (நூற்பதற்கு முந்தைய தடித்த பஞ்சு இழையின்) சீர், டிராஃப்ட் (அதை இழுத்து மெலிதாக்கும் அளவு) என்று பல சின்னக் காரணங்கள் கூடி அதை அங்குமிங்கும் நகர்த்துகின்றன. சின்னச் சின்னக் காரணங்கள் பல கூடும் இடத்தில் இயல்நிலைப் பரவல் வரும். திட்ட விலக்கம் 0.6 என்று வைத்தால், 100-ல் 68 சோதனை 39.4-க்கும் 40.6-க்கும் நடுவே, 95 சோதனை 38.8-க்கும் 41.2-க்கும் நடுவே. அங்கே 10 விழுக்காடு என்பது 4 நம்பர், அதாவது ஆறு திட்ட விலக்கத்துக்கும் மேல். அவ்வளவு விலகினால் கட்டாயம் எங்கோ பெரிய பிசகு.

அதே 10 விழுக்காட்டை இழை அறுதலுக்கு வைத்தால்? நான்கில் 10 விழுக்காடு 0.4. மூன்றும் தப்பு, ஐந்தும் தப்பு. இருபது பிரேமில் நான்கு வந்த ஐந்து மட்டும்தான் தப்பிக்கும். பாய்சான் எண்ணிக்கையில் திட்ட விலக்கம் சராசரியின் வர்க்கமூலம். சராசரி 4 என்றால் ஆட்டம் 2, அதாவது 50 விழுக்காடு. 100 அறுதல் எண்ணினால் ஆட்டம் 10, அதாவது 10 விழுக்காடு. 400 எண்ணினால் 5 விழுக்காடு. எத்தனை நிமிடம் நின்று பார்த்தோம் என்பது முக்கியமே இல்லை, எத்தனை அறுதல் எண்ணினோம் என்பதுதான் நம்பகத்தைத் தீர்மானிக்கிறது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி அறிக்கைகளை எழுதாமலே விட்டுவிடலாம்.

பத்து வாசிப்பு

ஆகவே ஆய்வை மறுபடி அமைத்தோம். பிரேமுக்குப் பத்து வாசிப்பு, ஒவ்வொன்றும் 12 நிமிடம். காலை, மதியம், இரவு மூன்று ஷிப்டிலும் பிரித்து எடுக்க வேண்டும். காப் (கதிரில் சுற்றப்படும் நூல் உருண்டை) அடியில் நிரம்பும்போதும் கடைசியிலும் அறுதல் கூடும் என்பதால், டாஃபின் (நிரம்பிய காப்களைக் கழற்றி எடுக்கும் சுற்றின்) எந்தக் கட்டத்தில் எடுத்தது என்றும் குறிக்க வேண்டும். கூடவே முன்பு யாரும் செய்யாத ஒன்று: அறுந்த கதிரின் எண்ணையும் எழுத வேண்டும்.

200 வாசிப்பில் மொத்தம் 840 அறுதல் வந்தது. பிரேமுக்குச் சராசரி 42. வர்க்கமூலம் 6.5. அமெரிக்காவில் ஷூஹார்ட் 1924-ல் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியபோது மூன்று திட்ட விலக்கத்தை எல்லையாக வைத்தார். அதன்படி கீழ் எல்லை 23, மேல் எல்லை 61. கடைசிப் பெயர்க்காரியின் ஐந்தாம் பிரேம் 44. முதல் பெயரின் பதினாறாம் பிரேம் 38. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. பதினெட்டுப் பிரேம்கள் எல்லைக்குள் சாதாரணமாக இருந்தன, ஐந்தும் பதினாறும் அதில் அடக்கம். இன்னொன்று எல்லைக்கு உள்ளேயே ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதை விட்டுவிட்டோம், விட வேண்டியதுதான்.

பதின்மூன்றாம் பிரேம் 67.

சராசரி 42 உள்ள இடத்தில் 67-ஓ மேலோ வரும் வாய்ப்பு 10,000-க்கு இரண்டு மூன்று. இருபதில் பெரியதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் 200-ல் ஒன்றுக்கும் குறைவு. இப்போதுதான் காரணம் தேடுவதற்குக் காரணம் கிடைத்திருக்கிறது. முதல் சுற்றில் இந்தப் பிரேமில் ஏழு வந்திருந்தது உண்மைதான், அதை வைத்து யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. சராசரி 6.7 உள்ள ஒரு பிரேமை ஒரே ஒருமுறை எண்ணினால், ஒற்றை வாசிப்பின் மேல் எல்லையான 10-ஐ அது தாண்டாமல் இருக்கும் வாய்ப்பு 92 விழுக்காடு. ஒற்றை வாசிப்பு குற்றமில்லாதவரைக் கூண்டில் ஏற்றியது, பழுதுள்ள எந்திரத்தைக் கண்டும் காணாமல் போகவும் விட்டது.

பதின்மூன்றின் பத்து வாசிப்பு: 7, 4, 12, 5, 3, 11, 4, 13, 3, 5. சராசரி 6.7. விலக்க வர்க்கச் சராசரியோ 14.9, சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பாய்சான் பரவல் இங்கே ஒத்துவரவில்லை. ஒத்துவராததுதான் துப்பு. எண்ணிக்கை பரவலைவிட அதிகமாகச் சிதறினால், ஒரே விகிதத்தில் எல்லாம் நடக்கவில்லை, இரண்டு விதமான நேரங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று பொருள். பதிவைப் பார்த்தால் 12, 11, 13 மூன்றும் பிற்பகல் வாசிப்புகள். மற்ற ஏழும் சேர்ந்து 31, சராசரி 4.4. அதாவது மற்ற நேரத்தில் பதின்மூன்றும் எல்லாப் பிரேமைப் போலத்தான்.

அடுத்தது கதிர் எண்கள். 67 அறுதலில் 29 கடைசி நூறு கதிர்களில் விழுந்திருந்தன. ஆயிரத்தில் நூறு, பத்தில் ஒரு பங்கு. எங்கு வேண்டுமானாலும் சமமாக அறும் என்றால் இது ஈருறுப்புப் பரவல்: 67 முயற்சி, ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 0.1. எதிர்பார்ப்பு 6.7, திட்ட விலக்கம் 2.5. கிடைத்த 29 அதிலிருந்து ஒன்பது திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது. இதற்கு மேல் அட்டவணையைத் திறக்கத் தேவையில்லை. மீதி 900 கதிரில் 38 அறுதல். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 42. மொத்தப் பிரேம்களின் சராசரி அப்படியே வந்து நின்றது.

இரண்டையும் சேர்த்தால் இடமும் நேரமும் கிடைத்துவிட்டன. 29-ல் 26 அந்த மூன்று பிற்பகல் வாசிப்புகளில் விழுந்தவை.

கடைசி நூறு கதிர்கள் கூடத்தின் மேற்குக் கதவை ஒட்டியவை. டாஃப் எடுத்த காப்களை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் வழி அது. பங்குனி வெயிலில் பிற்பகல் ஷிப்ட் தொடங்கியதும் வண்டிகள் வரிசையாகப் போகும், கதவு திறந்தே கிடக்கும், வெளியிலிருந்து வறண்ட சூடு உள்ளே வரும். பருத்தி இழைக்கு ஈரம் இருந்தால் வலு கூடும். காய்ந்தால் வலு குறையும், உராய்வில் மின்னூட்டம் ஏறி இழைகள் விரிந்து நிற்கும். அதனால்தான் ரிங் பிரேம் பகுதியில் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டில் வைக்கப் பார்க்கிறார்கள். ஈரப்பதம் அளக்கும் சைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தபோது கூடத்தின் நடுவில் 56, கதவோரத்தில் 43. ஆலையின் ஈரப்பதப் பதிவேட்டில் எல்லா நாளும் 56 என்று இருந்தது, கருவி மாட்டியிருந்தது நடுத்தூணில்.

கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போட்டார்கள். அந்த மூலையில் பஞ்சு அடைத்துக்கிடந்த காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்தார்கள். பிறகு பதின்மூன்றில் மட்டும் புதிதாகப் பத்து வாசிப்பு, அதில் நான்கு பிற்பகலில். மொத்தம் 44. அந்த நான்கு மட்டும் 18, சராசரிப்படி வர வேண்டியது 16.8. பதின்மூன்றாம் பிரேமைப் பார்க்கும் சைடரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை.

நான்காவது பிரேம்

நிகழ்வு இங்கே முடிந்திருக்கும். ஆனால் அறுதல் விகிதம் தெளிவாகத் தெரிந்ததும் நிர்வாகம் இன்னொரு கேள்வி கேட்டது, எனக்கு அதுதான் அதிக முக்கியமாகப் படுகிறது. ஒரு சைடர் மூன்று பிரேம் பார்க்கிறார். 12 நிமிடத்தில் நடந்து, பார்த்து, ஒட்டி என்று 18 அறுதல் வரை அவரால் சமாளிக்க முடியும். மூன்று பிரேமில் வருவது சராசரியாக 12.6. அதாவது 70 விழுக்காடுதான் வேலை. நான்கு பிரேம் கொடுத்தால் 16.8, அப்போதும் 18-க்குள்தானே? கொடுத்துவிடலாமா?

சராசரியை மட்டும் பார்த்தால் கொடுத்துவிடலாம். பரவலைப் பார்த்தால் முடியாது. சராசரி 12.6 என்றால் 12 நிமிடத்தில் 19-ஓ மேலோ வரும் வாய்ப்பு 100-க்கு ஐந்து வாக்கில். எட்டு மணி நேர ஷிப்டில் இப்படி நாற்பது துண்டு நேரங்கள், ஆக ஷிப்டுக்கு இரண்டு முறை இப்போதே கை மீறுகிறது. சராசரி 16.8 ஆனால் அந்த வாய்ப்பு 33 விழுக்காடு. நாற்பதில் பதின்மூன்று முறை. ஒரு துண்டில் மிஞ்சியது அடுத்த துண்டின் தலையில் ஏறும், அறுந்த இழைகள் தேங்கும், நியூமாஃபில் பெட்டி நிரம்பும். காகிதத்தில் அவருக்கு இன்னும் 7 விழுக்காடு ஓய்வு இருப்பதாகத்தான் எழுதியிருக்கும்.

18 என்ற அந்த எண்ணையும் சும்மா நம்பிவிடக் கூடாது. மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சியில் இருந்த டிப்பெட், 1927-ல் முதல் சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டவர், ஆலைகளுக்காக ஒரு எளிய முறை சொன்னார்: தற்செயலான நேரங்களில் கூடத்துக்குள் போய், அந்தக் கணத்தில் எந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுவது. ஆளுக்கும் அதுவே பொருந்தும். இதுவும் ஈருறுப்புக் கணக்கு. 400 முறை பார்த்து 80 விழுக்காடு நேரம் கை வேலையில் இருந்தது என்றால், அதன் திட்டப் பிழை 2 விழுக்காடு. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தலைமேல் நாள் முழுக்க நிற்பதைவிட இது மரியாதையான வழியும்கூட. 1956-லிருந்து கோவையில் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் வேலைப்பளு ஆய்வுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுச் செய்வது நல்லது.

கடைசியில் எடுத்த முடிவு, நான்காவது பிரேம் இல்லை என்பது. அதோடு ஒரு மாற்றம். இருபது பிரேமுக்கு ஏழு சைடர். எல்லோரையும் ஒன்றாக எண்ணினால் 12 நிமிடத்துக்குச் சராசரி 84 அறுதல், ஆட்டம் 9. ஏழு பேர் சேர்ந்து சமாளிக்கக்கூடியது 126. அது 84-லிருந்து நாலரைத் திட்ட விலக்கத்துக்கும் மேலே இருக்கிறது. ஒருவரின் மூன்று பிரேமுக்குள் அறுதல் அலைமோதும் அதே நேரத்தில் இன்னொருவரின் மூன்று பிரேம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பிரேமில் வரிசையாக அறுந்தால் தாண்டிப் போய்க் கை கொடுக்கலாம் என்ற ஒரே அனுமதி, புதிதாக ஒருவரையும் வேலைக்குச் சேர்க்காமலே, கை மீறும் நேரங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும். முன்பு அப்படி யாரும் போகவில்லை. அவரவர் பெயர் பலகையில் இருந்ததால், அடுத்தவர் பிரேமில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் தன் பிரேமில் அறுந்துவிடுமோ என்ற பயம். பலகையைக் கழற்றிய பிறகுதான் அந்த அனுமதிக்கு அர்த்தம் வந்தது.